கமரா கேள்வி–பதில்: ஓடும் தண்ணீருக்கு எத்தனை செக்கன்?

ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து நீர்வீழ்ச்சி, கடல், குளத்து வான் எல்லாம் படம் எடுப்பது பற்றித் திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கேள்விகளை இம்முறை சேர்த்துத் தருகிறோம்.

விடுமுறையில் இறம்பொடை நீர்வீழ்ச்சிக்குப் போயிருந்தோம். என்டி1000 பில்ட்டர் போட்டு, 10 செக்கன் வைத்து எடுத்தேன். தண்ணீர் வெள்ளைத் துணி தொங்கவிட்ட மாதிரி ஒரே வெள்ளையாக இருக்கிறது. பக்கத்து இலைகளும் கலங்கிப் போய்விட்டன. எங்கே பிழை விட்டேன்?
– உப்புவெளி வாசகர்

என்டி என்பது லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கறுத்தக் கண்ணாடி. அந்தப் பில்ட்டரில் பிழையில்லை. பிழை அந்த 10 செக்கனில். 5 மீற்றர் விழுந்த தண்ணீர் செக்கனுக்கு ஏறத்தாழ 10 மீற்றர் வேகம் பிடித்துவிடும். உங்கள் படத்துக்குள் மேலிருந்து கீழ்வரை 10 மீற்றர் உயரம் அடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் 1/4 செக்கன் திறந்திருந்தால் ஒரு துளி இரண்டரை மீற்றர் இறங்கும், அதாவது படத்தின் காற்பங்கு. அந்தக் கோடுதான் நூல் நூலாகத் தண்ணீர் விழுவதுபோலக் கண்ணுக்குப் படுகிறது. 10 செக்கன் விட்டால் அதே இடத்தில் கோட்டின் மேல் கோடாக விழுந்து, நடுவிலிருந்த இருட்டு இடைவெளியெல்லாம் மூடுபட்டு, வெள்ளை மட்டும் மிஞ்சும்.

ஆகவே முதலில் தண்ணீரின் வேகத்தைப் பாருங்கள், பிறகு பில்ட்டரை யோசியுங்கள். செங்குத்தாக விழும் தண்ணீரைக் கிட்ட நின்று எடுத்தால் 1/8 முதல் 1/2 செக்கன் வரை போதும். அதே நீர்வீழ்ச்சியைத் தூரத்து வளைவில் நின்று, படத்தில் ஒரு விரல் அளவாக எடுத்தால், துளி ஓடும் தூரமும் படத்தில் சுருங்கிவிடும். அதற்கு 1 அல்லது 2 செக்கன் கொடுக்கலாம். கல்லிடுக்கால் தவழ்ந்து வரும் ஓடைக்கு 1 முதல் 3 செக்கன். கீழே தேங்கிய நீரில் நுரை சுழல்கிறதா? உங்கள் என்டி1000 அங்கேதான் பிரயோசனப்படும். 15, 20 செக்கனில் நுரை வட்டம் வட்டமாக வரையும்.

மலைநாட்டில் மப்பு மந்தாரமாக, மர நிழலுக்குள் எடுக்கும்போது ஐஎஸ்ஓ (கமரா ஒளியை உணரும் அளவு) 100, எஃப் (லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) 11 என்று வைத்தால் 1/8 செக்கன் அளவு தானாகவே கிடைக்கும். பொலரைசர் ஒன்றை மாட்டினால் ஒளி ஒன்றரை, இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் குறைந்தால் ஒளி பாதியாகும்) குறைந்து 1/3, 1/2 செக்கனுக்கு வந்து நிற்கும். என்டி பில்ட்டரே தேவைப்படாது. பொலரைசர் நனைந்த பாறையின் மினுமினுப்பையும் இலையின் பளபளப்பையும் வெட்டிவிடும். பச்சை அப்போதுதான் பச்சையாகத் தெரியும். நீர்வீழ்ச்சிக்கு ஒரேயொரு பில்ட்டர்தான் வாங்க முடியும் என்றால் எங்கள் தெரிவு பொலரைசர்.

வெள்ளை வெந்துபோனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுற்றிவரக் கறுத்த பாறையும் மரமும் இருந்தால் கமராவின் ஒளிமானி ‘இருட்டு’ என்று நினைத்து ஒளியைக் கூட்டிவிடும். எடுத்த படத்தில் ஒளி அதிகப்பட்ட இடங்கள் மினுங்கிக் காட்டும் வசதியைப் போட்டு வையுங்கள். தண்ணீர் மினுங்கினால் 2/3 ஸ்டொப், போதாவிட்டால் 1 ஸ்டொப் குறையுங்கள். பாறையின் கருமையைக் கணினியில் தூக்கி எடுக்கலாம், கமரா சுருக்காமல் அப்படியே சேமிக்கும் ‘ரோ’ கோப்பில் எடுத்திருந்தால் தாராளமாகவே தூக்கலாம். வெந்துபோன வெள்ளையை எதைக் கொண்டும் மீட்க முடியாது.

இலைக்கு வழி, இரண்டு படம் எடுப்பது. கமராவை அசைக்காமல் முதற்படம் ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 1/2 செக்கன். இரண்டாவது ஐஎஸ்ஓ 1600, எஃப் 5.6, 1/125 செக்கன். இரண்டுக்கும் ஒளியளவு ஒன்றுதான். பிறகு கணினியில் ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, இலை இருக்கும் இடத்தை இரண்டாவதிலிருந்து தீட்டி எடுங்கள். இதற்குப் பொறுமை இல்லையென்றால், காற்று ஓயும் கணத்துக்காகக் காத்திருந்து 1/4 செக்கனில் பத்துப் படம் எடுத்தால் ஒன்றிலாவது இலை அசையாமல் நிற்கும்.

டச் பே கடற்கரையில் விடியற்காலை 30 செக்கன் வைத்து எடுக்கிறேன். நல்ல பாரமான ட்ரைபொட். அப்படியிருந்தும் படம் கூர்மையில்லை. லென்ஸ் பழுதா?
– திருகோணமலை நகர வாசகர்

லென்ஸைச் சந்தேகிக்க முன்னர், படத்தில் அசையாத ஒரு பாறையை முழு அளவுக்குப் பெருப்பித்துப் பாருங்கள். விளிம்புகள் மேல்கீழாக மட்டும் இரட்டித்திருந்தால் ட்ரைபொட் புதைந்திருக்கிறது. பக்கவாட்டில் நடுங்கியிருந்தால் காற்று. கிட்டப் பாறை கூர்மையாக இருந்து தூரத்து மலை மட்டும் மங்கியிருந்தால் குவியம் பிசகியிருக்கிறது. எல்லாமே ஒரே சீராக மெத்தென்று இருந்தால் துவாரத்தை எஃப் 22 வரை ஒடுக்கியிருப்பீர்கள். அவ்வளவு சிறிய துளையால் வரும் ஒளி விளிம்பில் பட்டுச் சிதறும், எந்த லென்ஸாக இருந்தாலும் மங்கும். சாதாரண கமராவில் எஃப் 11, முழுச் சட்டக் கமராவில் எஃப் 16 இவற்றைத் தாண்ட வேண்டாம்.

டச் பேயில் நிற்பவருக்குப் பெரும்பாலும் முதற் காரணந்தான். அலை வந்து போகும் ஈரமணலில் ட்ரைபொட் காலை ஒருமுறை குனிந்து பாருங்கள். அலை ஏறும்போது ஒன்றும் நடக்காது. திரும்பி இழுக்கும்போது காலைச் சுற்றித் தண்ணீர் சுழித்து, கடற்பக்கமாக ஒரு சின்னக் குழி தோண்டும். மணல் கரைந்து கால் அரை அங்குலம் அந்தப் பக்கம் சரியும். அடுத்த அலை குழியை நிரப்பிவிடுவதால் நிமிர்ந்து நிற்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது, கமரா மட்டும் சரிந்திருக்கும். 30 செக்கனுக்குள் மூன்று நான்கு அலை வந்து போய்விடும்.

ட்ரைபொட்டை வைத்துவிட்டு ஒவ்வொரு காலையும் அசைத்து அசைத்து நாலைந்து அங்குலம் மணலுக்குள் இறக்குங்கள். பிறகு மேலிருந்து இரு கையாலும் அமுக்கிவிட்டு இரண்டு அலை போகும்வரை விடுங்கள். அதன் பின்னர்தான் படத்தின் சட்டம் பார்க்க வேண்டும். கமராவின் கழுத்துப் பட்டியைக் கழற்றுங்கள் அல்லது சுற்றிக் கட்டுங்கள். கச்சான் காற்றுக்கு அது பாய்மரம் மாதிரி வேலை செய்யும். நடுத் தண்டை உயர்த்த வேண்டாம். பாரத்துக்குப் பையைத் தொங்கவிட்டால் அதன் அடி நிலத்தில் முட்டிக்கொண்டிருக்கட்டும், அந்தரத்தில் ஆடும் பை தொங்கவிடாததை விட மோசம். லென்ஸிலோ கமராவிலோ உள்ள அசைவு தடுப்பியை நிறுத்துங்கள். பொத்தானை விரலால் அமுக்காமல் 2 செக்கன் ரைமரில் விடுங்கள்.

நம்மூர் விடியல் வேகமானது. பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் முதல் வெளிச்சம் தெளிவாக விழுந்து சூரியன் எழும்ப 20, 25 நிமிடந்தான். தொடக்கத்தில் பில்ட்டர் இல்லாமலே 30 செக்கன் கேட்ட இடம், கொஞ்ச நேரத்தில் 8 செக்கனாகி, பிறகு 1 செக்கனாகிவிடும். முதற் படத்தின் அளவை வைத்துக்கொண்டு கடைசிவரை எடுத்தால் எல்லாம் வெளுத்துப் போகும். இரண்டு படத்துக்கு ஒருமுறை ஒளியை அளங்கள். சூரியன் வட்டமாக மேலெழுந்தவுடன் என்டி64 ஐப் போடுங்கள்.

ஒரு யோசனை: எப்போதும் 30 செக்கனே வைக்க வேண்டாம். அலை கரையேறி, நின்று, திரும்ப இழுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் 1/2 செக்கன் எடுங்கள். நுரை மணலில் கோடு கோடாக இழுபட்டுக் கடலை நோக்கி ஓடும். கடலைப் புகையாக்கிய படத்தை விட அது எங்களுக்குப் பிடித்தது. வீட்டுக்குப் போனதும் ட்ரைபொட் காலை முழுவதும் விரித்து நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். உப்பும் மணலும் பூட்டுக்குள் இருந்தால் இரண்டு மாதத்தில் இறுகிவிடும்.

என்னிடம் போன் மட்டுந்தான் இருக்கிறது. புரோ மோடில் 1/4 செக்கன் வைத்தால் திரை வெள்ளையாகப் போய்விடுகிறது. போனில் முடியாதா?
– கிண்ணியா வாசகி

முடியும். போன் லென்ஸின் துவாரத்தை ஒடுக்க முடியாததுதான் சிக்கல். எஃப் 1.8 அளவில் எப்போதும் அகலத் திறந்தே இருக்கும். எஃப் 11 இல் வைத்த கமராவோடு பார்த்தால் கிட்டத்தட்ட 37 மடங்கு ஒளி உள்ளே வருகிறது. மர நிழலில்கூட ஐஎஸ்ஓ 50 இல் 1/160 செக்கனே போதுமாக இருக்கும். நீங்கள் 1/4 கொடுத்தால் வெளுக்காமல் என்ன செய்யும்?

மூன்று வழி இருக்கிறது. போனில் கவ்வி மாட்டும் என்டி64 கண்ணாடி வாங்கினால் அந்த 1/160 ஏறத்தாழ 0.4 செக்கனாக நீளும், நீர்வீழ்ச்சிக்கு அளவான நேரம். வாங்க வசதியில்லையென்றால் பொலரைஸ்ட் வெயில் கண்ணாடியை லென்ஸோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். மூன்று ஸ்டொப் அளவு குறையும், பாறை மினுக்கமும் போகும், நிறம் மட்டும் கொஞ்சம் மாறும். கடற்கரையென்றால் சூரியன் எழும்ப 20 நிமிடம் முன்னர் போங்கள், கண்ணாடியே தேவையில்லை.

மூன்றாவது வழி படங்களை அடுக்குவது. 1/60 செக்கனில் எடுத்த 60 படங்களைச் சராசரியாக்கினால் 1 செக்கன் திறந்து வைத்த படத்துக்குச் சமம். ஐபோனில் ‘லைவ்’ படமாக எடுத்துவிட்டு, பிறகு அந்தப் படத்தின் லைவ் தெரிவில் ‘லோங் எக்ஸ்போஷர்’ என்பதைத் தொட்டால் போன் அதைத்தான் செய்கிறது. அன்ட்ரொய்டில் இதற்கென்றே செயலிகள் உண்டு. எந்த வழியானாலும் போன் அசையக்கூடாது. ட்ரைபொட் இல்லாவிட்டால் அரிசி நிரப்பிய சின்னத் துணிப்பையைக் கல்லின் மேல் வைத்து அதில் போனை அழுத்தி இருத்துங்கள். பொத்தானைத் தொடாமல் ரைமரில் விடுங்கள்.

கடைக்காரர் ஒரு பில்ட்டரை 0.9 என்கிறார், இன்னொருவர் என்டி8 என்கிறார், மூன்றாமவர் மூன்று ஸ்டொப் என்கிறார். எதை வாங்குவது?
– நிலாவெளி வாசகர்

மூன்று பேரும் சொன்னது ஒரே பில்ட்டரை. என்டி8 என்றால் 0.9, 3 ஸ்டொப். என்டி64 என்றால் 1.8, 6 ஸ்டொப். என்டி1000 என்றால் 3.0, 10 ஸ்டொப். ‘என்டி’க்குப் பின்னால் வரும் எண்ணால் நேரத்தைப் பெருக்கினால் கணக்கு முடிந்தது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11 இல் 1/250 செக்கன் என்று வைத்தால், என்டி8 போட்டால் 1/30, என்டி64 போட்டால் 1/4, என்டி1000 போட்டால் 4 செக்கன். வெயில் நீர்வீழ்ச்சிக்கு என்டி8 போதாது என்பது இதிலேயே தெரிகிறது. பொலரைசருக்கு அடுத்ததாக என்டி64 வாங்குங்கள்.

உங்களிடமுள்ள லென்ஸ்களில் முன்வாய் அகலமானதன் அளவுக்கு வாங்கி, சிறிய லென்ஸுக்கு ஸ்டெப் அப் வளையம் போடுங்கள். திருகிக் கூட்டிக் குறைக்கும் வகை என்டி வசதியானதுதான். ஆனால் அகன்ற கோண லென்ஸில் கடைசி அளவுக்குத் திருப்பினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறிபோல ஒரு கருநிழல் விழும். என்டி1000 போட்ட பின் கமராவால் குவியம் பிடிப்பது சிரமம். பில்ட்டரை மாட்ட முன்னரே குவித்து, மனுவலுக்கு மாற்றி, ஒளியையும் அளந்துவிடுங்கள். மாட்டும்போது லென்ஸ் வளையத்தைத் திருப்பிவிடாமல் கவனம்.

நீண்ட நேரப் படத்தில் குறுக்கே ஊதா நிறப் புகைமாதிரி ஒரு பட்டை. இன்னொன்றில் சிவப்பு, நீலப் புள்ளிகள். இரண்டுக்கும் என்ன காரணம்?
– மூதூர் வாசகர்

பட்டை, கண் வைக்கும் துளையால் ஒளி உள்ளே போனதால் வந்தது. கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் வகையில்தான் இந்தக் கரைச்சல். கமராவோடு வந்த மூடியாலோ கறுப்பு ஒட்டுநாடாவாலோ துளையை மூடுங்கள். புள்ளிகள் சென்சர் சூடாவதால். நம்மூர் வெக்கைக்கு அது இன்னும் கூடும். திரையில் பார்த்துக்கொண்டே இருந்தாலும் கூடும். கமராவில் ‘லோங் எக்ஸ்போஷர் நொய்ஸ் ரிடக்‌ஷன்’ என்பதைப் போட்டால், 30 செக்கன் படத்துக்குப் பின்னர் ஷட்டரை மூடி இன்னொரு 30 செக்கன் இருட்டுப் படம் எடுத்து, அதிலுள்ள புள்ளிகளைக் கழித்துவிடும். அந்த நேரம் கமரா கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், பற்றரியும் இறங்கும். சூரியன் எழும்புகிற அவசரத்தில் அதை நிறுத்தி வையுங்கள்.

கந்தளாய்க் குளம் வான் பாயும்போது எடுக்க ஆசை. எத்தனை செக்கன், எங்கே நிற்பது?
– கந்தளாய் வாசகர்

வான் கதவால் வரும் தண்ணீர் கொங்கிறீற்றின் விளிம்பில் கண்ணாடிபோல வளைந்து, கொஞ்சம் கீழேதான் உடைந்து வெள்ளையாகும். அந்த வளைவுதான் படத்தின் அழகு. நேரம் கூடினால் அது கீழுள்ள வெள்ளையோடு கரைந்துவிடும், 1/8 முதல் 1/4 செக்கனுக்குள் நில்லுங்கள். தூண்கள் நிமிர்ந்து தெரிய வேண்டும். கமராவை மேலோ கீழோ சரிக்காமல் மட்டமாக வையுங்கள். வாகனம் போகும் பாலத்தின் மேல் ட்ரைபொட் வைத்தால் அதிர்வு ஏறும், ஒவ்வொரு வாகனமும் கடந்து போன பின் சில செக்கன் பொறுத்து எடுங்கள். கதவுக்குக் கீழே ஆற்றுப் படுக்கையில் இறங்கவே வேண்டாம். இன்னொரு கதவு திறந்தால் தண்ணீர் ஏறும் வேகத்துக்கு ட்ரைபொட்டை மடித்துக்கொண்டு ஓட முடியாது. நீர்ப்பாசனத் திணைக்களக் காவலாளி மறிக்கும் இடத்தைத் தாண்டாதீர்கள்.

மலைநாட்டுக்கு எந்த மாதம் போனால் தண்ணீர் இருக்கும்?
– சாம்பல்தீவு வாசகி

நமக்கு மழை வரும் காலத்தை வைத்து மலைநாடு முழுவதையும் கணக்குப் பார்க்க முடியாது. மேற்குச் சரிவில் உள்ள டெவோன், சென் கிளேயர் இரண்டும் மே தொடக்கம் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவத்தில் நிறையும். நாம் இங்கே கச்சானில் காயும் காலம் அது. சென் கிளேயர் மேல் கொத்மலை அணைக்குக் கீழே இருப்பதால் மழையை மட்டும் நம்பிப் போகாமல், தலவாக்கலைப் பக்கத்தில் யாரிடமாவது விசாரித்துவிட்டுப் போங்கள். ஊவாவில் உள்ள 220 மீற்றர் தியலும, பதுளையின் துன்ஹிந்த, எல்ல வீதியோரத்து இராவணன் நீர்வீழ்ச்சி இவையெல்லாம் ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை நன்றாக இருக்கும்.

துன்ஹிந்தவில் 64 மீற்றரிலிருந்து விழும் தண்ணீர் தெறித்து எழும் சாரல் கடுமையானது. லென்ஸில் விழுந்த ஒரு துளி, துவாரத்தை ஒடுக்கிய படத்தில் ஐந்து சத நாணயமளவு மங்கல் வட்டமாக நிற்கும். லென்ஸின் முன் துணியைப் பிடித்துக்கொண்டு ரைமரை அமுக்கி, கடைசிச் செக்கனில் துணியை எடுங்கள். காய்ந்த துணி குறைந்தது மூன்று கொண்டுபோங்கள். முதலிரண்டும் பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். தண்ணீர் திடீரென மண்நிறமாக மாறினாலோ, சருகும் கொப்பும் மிதந்து வந்தாலோ மேலே மழை கொட்டுகிறது. படத்தை விட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.

திரும்பி வந்ததும் நனைந்த கமராவைப் பைக்குள் பூட்டி வைக்காதீர்கள். நம்மூர் ஈரக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பது அப்படித்தான். ஒருநாள் மின்விசிறிக் காற்றில் விட்டு, பிறகு சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பெட்டியில் வையுங்கள்.

அப்பாவின் பழைய பிலிம் கமராவில் 10 செக்கன் எடுத்தால் இருட்டாக வருகிறது. டிஜிற்றலில் சரியாக வருகிறது. ஏன்?
– திருகோணமலை வாசகர்

பிலிம் நீண்ட நேரத்தில் களைத்துவிடும். ஒளியை அதே விகிதத்தில் பிடிக்காது. இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் என்றால் ஒளிமானி 4 செக்கன் சொன்னால் 6, 10 சொன்னால் 20, 30 சொன்னால் 86 செக்கன் கொடுங்கள். வேறு பிலிமுக்கு அதற்குரிய அட்டவணையைப் பார்க்க வேண்டும். 1 செக்கனுக்குக் குறைந்த நேரத்துக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை.

சாரலில் வானவில் கண்ணுக்குத் தெரிந்தது, படத்தில் இல்லை. பொலரைசர் போட்டிருந்தேன்.
– உப்புவெளி வாசகி

பொலரைசர்தான் அழித்தது. வானவில்லின் ஒளி ஒரு திசையில் மட்டும் அதிர்வதால், பில்ட்டரைத் திருப்பும்போது ஒரு நிலையில் முற்றாக மறையும், இன்னொரு நிலையில் முன்னை விடப் பளிச்சென்று தெரியும். திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திருப்பி, நிறம் உச்சத்துக்கு வந்த இடத்தில் நிறுத்துங்கள். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும், அடிவானிலிருந்து 42 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். காலை 9 மணிக்கு முன்னரோ பின்னேரம் 4 மணிக்குப் பின்னரோ போங்கள்.